படிக்குக் கீழே மணியடித்த அக்கா

மில்லர்புரத்து அக்கா ஒரு நாளும் தபால் ஆபீசுக்குள் போனதில்லை. தபால் ஆபீஸ்தான் வெளியே வந்து அக்காவைப் பார்த்துவிட்டுப் போகும். படிக்குக் கீழே வண்டியை நிறுத்தச் சொல்லுவார். வண்டியின் கைப்பிடியில் ஒரு சைக்கிள் மணி பூட்டியிருந்தது. அதை ஒரு தரம் அடிப்பார். உள்ளே முத்திரை குத்துகிற சத்தம் நிற்கும். இன்னொரு தரம் அடிப்பார். அதற்கு மேல் அவசியம் வராது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு குமாஸ்தாவே இறங்கி வந்துவிடுவார். முதலில் பியூனை அனுப்பிப் பார்த்தார்கள். அக்கா பியூனிடம் அவர் வீட்டு ஆடு மாடு வரைக்கும் விசாரித்து, வெற்றிலை போட்டால் பல் கெடும் என்று புத்தியும் சொல்லி, வந்த காரியத்தை மட்டும் சொல்லாமல் திருப்பி அனுப்பினார். உள்ளே வருகிறவர்களிடம் யார் பேசுகிறார்களோ அவர்தான் தன்னிடமும் பேச வேண்டும் என்பது அவருடைய சட்டம்.

வண்டி என்று நான் சொல்வது சக்கர நாற்காலியை. நாலு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அக்காவுக்கு இரண்டு காலும் போயிருந்தன. அப்பா சைக்கிளில் உட்காரவைத்துக் கொண்டுபோய் நாசரேத்தில் மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தார். அப்பா போன பிறகு தூத்துக்குடிக்கு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். வண்டி, மிஷன் ஆஸ்பத்திரியில் இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா சொந்த ஊருக்குத் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது. இரும்பும் பிரம்பும் சேர்ந்து கன கனம். அதில் உட்கார்ந்தபடியே கப்பல் கம்பெனிகளுக்கு இங்கிலீஷ் கடிதங்கள் டைப் அடித்துக் கொடுப்பார். அவர் விரல்கள் டைப்ரைட்டரில் ஓடும்போது எங்கள் வீட்டுச் சுவர் அதிரும்.

நான் ஏரல் பக்கம் வயக்காட்டு வீட்டிலிருந்து கல்யாணமாகி அடுத்த வீட்டுக்கு வந்தவள். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை. காலையில் தூக்குவாளியோடு போனால் விளக்கு வைக்கத்தான் வருவார். வந்த இரண்டாம் வாரமே அக்கா வேலி வழியாக என்னைப் பார்த்து, சும்மாதானே இருக்கிறாய், என் வண்டியைத் தள்ளு, உனக்கு ஊரைக் காட்டுகிறேன் என்றார். அப்படித்தான் நான் தூத்துக்குடியைப் பார்த்தேன், எல்லாக் கட்டடத்தையும் வெளியே நின்று.

படிகளைப் பற்றி அக்காவுக்கு ஒரு கொள்கை இருந்தது. மனுசனுக்குக் கொஞ்சம் காசு வந்ததும் வாசலில் ஒரு படி ஏறும். இன்னும் கொஞ்சம் வந்தால் இன்னொரு படி. கர்வம் முற்றிவிட்டால் இரண்டு பக்கமும் சிங்கம் உட்காரும். ஆகவே யாரைப் பற்றிப் பேச்சு வந்தாலும் அவர்கள் வீட்டுப் படியை வைத்துத்தான் குணத்தை எடை போடுவார். ஊரில் இருக்கிற என் மாமனார் வீட்டில் வாசல்படி ஒன்றே ஒன்று என்று கேட்டதும், நல்ல குடும்பம் என்று சொல்லிவிட்டார். என் மாமியாரை அவர் பார்த்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போனாலும் கோயிலில் அவர் உட்காருவது உள்ளே அல்ல. பக்கவாட்டு ஜன்னலுக்கு வெளியே வேப்பமர நிழலில். பாட்டு மட்டும் ஜன்னல் வழியாக உள்ளே போகும். அவர் சிரமமில்லாமல் நுழையும்படி அந்த ஊரில் சரிவு வைத்துக் கட்டியிருந்தது கல்லறைத் தோட்டத்தில்தான், சவப்பெட்டி வண்டி ஏறுவதற்காக. ஒரு சாயங்காலம் அதைத் தாண்டிப் போகையில் எனக்குக் கையை நீட்டிக் காட்டினார்.

"பாத்தியாளா, எனக்குன்னு எவ்வளவு நேர்த்தியா கட்டி வச்சிருக்காவ. அவசரமில்லன்னு சொல்லிட்டேன்."

கிறிஸ்துமசுக்குச் சேலை எடுக்கப் போனது ஒரு திருவிழா. ஜவுளிக்கடைக்காரர் தங்கமானவர். மணிச் சத்தம் கேட்டதும் ஆட்களை விட்டுச் சேலைகளைக் கீழே கொண்டுவரச் செய்தார். அவர்கள் வண்டியின் மேலும் கடைக் கம்பியிலும் என் தோளிலுமாக விரித்துப் போட்டார்கள். தெரு நின்றுவிட்டது. உப்பு ஏற்றிவந்த வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டு, அந்தப் பச்சை சாயம் போகும் என்றார். முன்பின் தெரியாத ஒரு அம்மா முந்தியைத் திருப்பிப் பார்த்து நெசவு போதாது என்று உதட்டைப் பிதுக்கினார். வழி கிடைக்காமல் நின்ற பஸ்ஸின் டிரைவர் ஹாரனை அடித்து, மாம்பழக் கலரைச் சுட்டிக்காட்டித் தலையை ஆட்டினார். அக்கா எல்லோரிடமும் அபிப்பிராயம் கேட்டு, எல்லோருக்கும் பதில் சொல்லி, கடைசியில் டிரைவர் சொன்னதையே எடுத்தார். நாங்கள் மில்லர்புரம் வந்து சேர்வதற்குள் சேலையின் நிறமும் விலையும் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தன. பொட்டலத்தைப் பிரிக்கும் முன்பே அண்ணன் மனைவி, மாம்பழக் கலராமே என்று கேட்டார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவும் சிரித்தார். ஆனால் பொட்டலத்தைப் பிரிக்காமலே பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

டாக்டர் கதை அதைவிடக் கூத்து. அந்த டாக்டரும் நல்லவர். மணியடித்தால் இறங்கி வருவார். வந்து, காதில் குழாயை மாட்டிக்கொண்டு, என்ன செய்கிறது என்று கேட்பார். குழாய் மாட்டிய காதுக்குச் சத்தமாகத்தான் சொல்ல வேண்டும். அக்காவுக்கு அப்போது வயிறு கட்டிக்கொண்டு சில நாளாக வெளிக்குப் போகவில்லை. அதை அக்கா சொல்ல, சரியாகக் கேட்காமல் டாக்டர் திரும்பக் கேட்க, அக்கா இன்னும் உரக்கச் சொல்ல, காத்திருந்த கூட்டத்திலிருந்து ஒரு கிழவி விளக்கெண்ணெய் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலமே தெருவில் மூன்று வீட்டிலிருந்து விளக்கெண்ணெயும் ஒரு சீப்பு நாட்டுப்பழமும் வந்தன. மறுநாள் தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, இப்போ தேவலையா என்று விசாரித்தார். நடந்ததும் தந்தி அடிக்கிறேன் என்றார் அக்கா. அன்றைக்கு நான் சிரித்த சிரிப்பில் எனக்கு வயிறு வலித்தது.

தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஊரே அதைத்தான் கேட்டது. சாத்தான்குளத்தில் அவருடைய சித்தி மகள் கல்யாணத்தில் அப்படித்தான் நாலு பேர் வந்து, வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மேடையில் வைத்தார்கள். பந்தி போட்டதும் அந்த நாலு பேரையும் காணோம். பெண்ணும் மாப்பிள்ளையும் போனார்கள். விருந்தாட்கள் போனார்கள். கடைசியில் ஜமுக்காளம் சுருட்டுகிறவர் வந்து, கொஞ்சம் காலைத் தூக்குங்கம்மா என்றாராம். அது முடிந்தால் நான் ஏன் இன்னும் இங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று அக்கா கேட்டாராம். இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு தாங்காது. ஆனால் முடிக்கும்போது ஒன்று சொல்லுவார். அதைச் சிரிக்காமல்தான் சொல்லுவார்.

"தூக்கி வைக்கதுக்கு ஆள் வரும்ளா. எறக்கி விடதுக்கு வராது."

அன்றிலிருந்து தள்ளலாம், தூக்கக்கூடாது. நான் என்ன உப்பு மூட்டையா என்று ஒரு பார்வை பார்ப்பார். கிட்டே வந்த கை தானாகப் பின்னால் போகும்.

இந்தச் சட்டம் செல்லாத ஒரு நாள் உண்டு. அது தேர்தல் நாள். அக்காவின் அண்ணனை நாங்கள் அண்ணாச்சி என்போம். தோணியில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிவிடுகிற ஏஜென்ட். தங்கச்சி மேல் உயிர். அதோடு அந்த வட்டாரத்தில் ஒரு கட்சிக்கும் அவர்தான் எல்லாம். எந்தக் கட்சி என்று நான் சொல்லப் போவதில்லை. வீட்டுக்குள்ளே சண்டை வரும். தன் வீட்டு ஓட்டையும் மூட்டைகளை அடுக்கி வைக்கிற கிட்டங்கியின் ஆட்கள் ஓட்டையும் சரக்கு மாதிரி எண்ணி வைத்திருப்பார். தேர்தல் அன்றைக்குக் காலையிலேயே கிட்டங்கியிலிருந்து மூட்டை தூக்குகிற நாலு பேர் வருவார்கள். ஓட்டுப் போடுகிற பள்ளிக்கூடத்துப் படிவரை வண்டி, அங்கிருந்து தூக்கு. பின்னாலேயே அண்ணாச்சி போவார். தங்கச்சிக்கு முடியாது, நான்தான் துணை என்று அதிகாரியிடம் சொல்லி, மறைப்புக்குள் போய், அவரே முத்திரையைக் குத்தி, அவரே பெட்டியில் போட்டுவிடுவார். அக்காவுக்கு விரலில் மை மட்டும் மிச்சம்.

"எல்லா எலக்சன்லயும் ஓட்டுப் போட்டிருக்கேன்ளா. யாருக்குன்னு எங்க அண்ணங்கிட்டதான் கேக்கணும்" என்பார்.

அவரால் அதில் ஒன்றும் செய்ய முடியவில்லை. மணியடித்தால் தபால் ஆபீஸ் வெளியே வரும், ஜவுளிக்கடை வரும், டாக்டர் வருவார். ஓட்டுப்பெட்டி வராது.

நெருக்கடி நிலை முடிந்து தேர்தல் வந்தது. அதுவரை காதோடு காதாகப் பேசிக்கொண்டிருந்த ஊர் முழுக்க உரக்கப் பேச ஆரம்பித்தது. தெருவில் வாயைத் திறக்காதவர் அக்கா ஒருவர்தான். எனக்கு அதுவே அதிசயம். ஒரு மத்தியானம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகையில், இந்தத் தடவை தானே போடப்போவதாகச் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன்.

"அதச் சொல்லதா இருந்தா எதுக்குளா அங்கன போவணும்? இங்கனயே மணியடிச்சுச் சொல்லிரலாம்லா."

தேர்தல் அன்றைக்கு அண்ணாச்சி நாலு ஆட்களோடும் ஒரு பொட்டலம் மக்ரூன் இனிப்போடும் வந்தார். அக்கா மாம்பழக் கலர் சேலையைக் கட்டியிருந்தார். நான் தள்ளினேன். பள்ளிக்கூடத்துப் படிக்குக் கீழே போனதும் நாலு பேரும் குனிந்தார்கள். அக்கா மணியை அடித்தார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

தூக்க வேண்டாம் அண்ணே, பலகை போடச் சொல்லுங்க என்றார் அக்கா. தோணியில் மூட்டை ஏற்றுவதற்காகக் கரையிலிருந்து சாய்த்துப் போடுகிற நீளப் பலகையைத்தான் கேட்டார். அண்ணாச்சி முதலில் சிரித்தார். பிறகு கெஞ்சினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். எதிர்க்கட்சி ஆட்கள் பந்தலில் உட்கார்ந்து ஓசியில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊனமான தங்கச்சியோடு நடுத்தெருவில் மல்லுக்கட்டினால் எத்தனை ஓட்டு போகும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருப்பார். கிட்டங்கிக்கு ஆள் அனுப்பினார்.

வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. கடைசியில் கைவண்டியில் இரண்டு பலகைகளோடு மேஸ்திரி வந்தார். ஒரு காலத்தில் கடலில் சங்கு குளித்தவர்; ஆழத்தில் காது கெட்டுப்போனதால் கரையேறி, மூட்டை தூக்குகிறவர்களுக்குத் தலைவரானவர். அக்காவிடம் ரொம்பப் பிரியம். அவரிடம் மட்டும் அக்கா மணியடிப்பதில்லை; அடித்தாலும் கேட்காது. நேரமானதற்குக் காரணத்தை அவர் ஊருக்கே கேட்கும்படி சொன்னார். தோணிப் பலகையில் குறுக்கே சின்னச் சின்ன மரச்சட்டங்கள் அடித்திருப்பார்கள், பாரத்தோடு ஏறுகிற கால் வழுக்காமல் இருக்க. பழைய சட்டம் தேய்ந்து போயிருந்ததாம். அக்கா ஏறுகிற பலகையாயிற்றே என்று எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, புதுச் சட்டமாக நெருக்கி நெருக்கி அடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். வழுக்கவே வழுக்காது என்று அவரே ஒரு தரம் ஏறி இறங்கிக் காட்டினார். எங்கள் யாருக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நடக்கிறவர்களுக்குக் காலைப் பற்றித்தானே யோசனை வரும்.

இரண்டு பலகையையும் சக்கரத்துக்கு ஒன்றாகப் படியில் சாய்த்தார்கள். நான் தள்ளினேன். முன்னாலிருக்கும் சின்னச் சக்கரம் முதல் சட்டத்தில் முட்டி நின்றது. மூச்சைப் பிடித்துத் தள்ளினேன். ஏறிக் குதித்தது, அக்காவின் மூக்குக்கண்ணாடி மடியில் விழுந்தது. அடுத்த சட்டத்தில் மணி தானாக அடித்தது. வரிசையில் சிரித்தார்கள். அதற்கடுத்ததில் வண்டி பின்னால் வந்து என் வயிற்றில் இடித்துவிட்டுத் தரைக்கே இறங்கிவிட்டது. அண்ணாச்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"போதும்ளா. கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள தூக்கிட்டுப் போயிருவாங்க. சொன்னாக் கேளு."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தூக்கினால் என்ன ஆகும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். தூக்கியவர்களோடு அண்ணாச்சியும் உள்ளே போவார்; இவளால் ஒன்றும் முடியாது என்பதற்கு இப்போது ஊரே சாட்சி. அக்கா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, குனிந்து பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, திருப்பிப் போடுங்க என்றார்.

மேஸ்திரிக்குக் கேட்கவில்லை. அக்கா உள்ளங்கையை நீட்டி, தோசையைப் புரட்டுவது போலப் புரட்டிக் காட்டினார். மேஸ்திரி முகம் சுருங்கிப்போயிற்று. பாவம், ஆசையாக அடித்த சட்டம். பிறகு அவர் கண் வண்டிச் சக்கரத்துக்குப் போயிற்று. அங்கிருந்து தன் காலுக்கு வந்தது. நெற்றியில் ஒரு அடி அடித்துக்கொண்டு, "திருப்புங்கலே" என்று போட்ட சத்தத்தில் பந்தலில் இருந்த எதிர்க்கட்சிக்காரர்கள் இரண்டு பேரும் ஓடிவந்து ஒரு கை பிடித்தார்கள். ஆணி முனை நீட்டிக்கொண்டிருந்த இடங்களைக் கல்லால் தட்டி மடக்கினார்கள். அடியில் போன சட்டங்கள் படியின் விளிம்பைக் கவ்விக்கொண்டன. பலகை இம்மி அசையவில்லை. நானும் மேஸ்திரியும் தள்ள, அக்கா இரண்டு கையாலும் சக்கரத்தை உருட்ட, வண்டி வழவழவென்று மேலே ஏறிற்று. வரிசையில் சைக்கிளோடு நின்ற ஒருவர் தன் மணியை அடித்தார்.

அண்ணாச்சி விடவில்லை. எங்களை முந்திக்கொண்டு உள்ளே போய், தங்கச்சிக்கு முடியாது என்று ஆரம்பித்தார். அதிகாரி களைத்துப்போன ஒல்லியான மனுசர். அக்காவைப் பார்த்தார். அக்கா பத்து விரலையும் அவர் மேசைமேல் விரித்து வைத்தார்.

"கையில ஒரு கொறையும் இல்ல சார். வேணும்னா ஒரு லெட்டர் டைப் அடிச்சுக் காட்டுதேன்."

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணாச்சியை வெளியே நிற்கச் சொன்னார். வழியில் கிடந்த பெஞ்சை அவரும் உதவியாளருமாக நகர்த்திக் கொடுத்தார்கள். வண்டி அட்டை மறைப்புக்குள் போயிற்று. வாசலில் நின்ற எனக்கு ஒரு சக்கரமும் மாம்பழக் கலரில் ஒரு துண்டும் மட்டும் தெரிந்தது.

நேரம் போயிற்று. வரிசை முணுமுணுத்தது. அதிகாரி இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். தெரியாமல் முழிக்கிறாள், இதுக்குத்தான் நான் கூடப் போறேன்னு சொன்னேன் என்று அண்ணாச்சி என்னிடம் புலம்பினார். கடைசியில் அக்கா வெளியே வந்து, மடித்த சீட்டைப் பெட்டியில் போட்டு, அது உள்ளே விழுந்ததா என்று ஓட்டையில் எட்டியும் பார்த்தார்.

கீழே இறங்கியதும் அண்ணாச்சி மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்து நீட்டி, நம்ம சின்னம்தானே என்று மெதுவாகக் கேட்டார். அக்கா ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, மக்ரூன் நல்லாருக்கு அண்ணே என்றார். அதன் பிறகு ஊரில் கேட்காதவர்கள் இல்லை. தபால் ஆபீஸ் குமாஸ்தா படியிறங்கி வந்து கேட்டார். டாக்டர் குழாயைக் காதிலிருந்து கழற்றிவிட்டுக் கேட்டார். அண்ணாச்சி பல வருசம் கழித்துப் படுக்கையில் கிடந்தபோதுகூட, இப்பவாவது சொல்லுளா என்று கேட்டார். எல்லோருக்கும் அக்கா மணியை ஒரு தரம் அடித்துக் காட்டினார். எனக்கும் அதுதான். வெயிலில் தள்ளியவள் நான். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும் வழியில் வேறொன்று கேட்டேன். உள்ளே அவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்றேன். அக்கா மை வைத்த விரலைச் சேலையில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தார்.

"முத்திரைய உடனே குத்திட்டேன்ளா. பெறவு சும்மா இருந்தேன்."

"சும்மாவா?"

"மூணு பக்கமும் அட்ட. ஒருத்தர் கண்ணும் எம்மேல இல்ல. என் வயிறு என் பேச்சு எல்லாம் இந்த ஊருக்கே தெரியும். அங்கன நான் செஞ்சது எனக்கு மட்டுந்தான் தெரியும். வெளிய வர மனசே வரலளா."

எனக்கு விளக்கெண்ணெய் ஞாபகம் வந்தது. இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. தெருமுனையில் யாரோ எங்களைப் பார்த்துக் கையை ஆட்டி, யாருக்கு என்று சைகையில் கேட்டார்கள். நான் நிற்காமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.